லினக்ஸில் விசைப்பலகையை மாற்றியமைத்தல்: ‘கீடி’யை நிறுவுவதும் மிச்சமின்றி அகற்றுவதும்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ வேறெங்கோ பாவித்த மடிக்கணனி வாங்கினால் முதலில் சோதிக்க வேண்டியது விசைப்பலகையைத்தான். ஓர் எழுத்து விசை செத்திருக்கலாம். கடற்காற்றின் ஈரம் பட்டு இன்னொன்று தானாகவே அழுந்திக்கொண்டிருக்கலாம். ஜப்பானியச் சந்தைக்கென்று செய்த கணனி என்றால் ஸ்பேஸ் விசை குட்டையாகவும், அதன் இருபுறமும் நமக்குத் தேவைப்படாத மூன்று விசைகளும் இருக்கும். விசைகள் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் தட்டச்சு செய்யும் மொழிபெயர்ப்பாளருக்கும் வெள்ளவத்தையில் கொமியூனிகேஷன் நடத்துபவருக்கும் மொழி மாற்றும் விசைகளே பெரிய தலையிடி.

லினக்ஸில் இவை அனைத்துக்கும் ‘கீடி’ என்ற இலவசமான மென்பொருள் தீர்வு உண்டு. ஆனால் விசைகளை மாற்றியமைக்கும் மென்பொருள், விசைப்பலகைக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே போய் உட்காரும் ஒன்று. ஒரு வரி பிழைத்தால் கடவுச்சொல்லைக்கூடத் தட்ட முடியாமல் போகும். அதனால் நிறுவும் முன்பே திரும்பி வரும் வழியைத் தயார் செய்துவிட வேண்டும். எங்கிருந்து, எந்த முறையில் நிறுவினீர்கள் என்பதையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். அகற்றும் முறை அதைப் பொறுத்தே இருக்கிறது.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் அவை எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் வரும். இடைவெளி, கோடு, புள்ளி எல்லாம் இங்குள்ளபடியே. கீடி என்பது கே, ஈ, வை, டி. சுடோ என்பது எஸ், யூ, டி, ஓ. ஆப்ட் என்பது ஏ, பி, டி. சிஸ்டம்சிடிஎல் என்பது ‘சிஸ்டம்’ என்ற சொல்லோடு சி, டி, எல் சேர்ந்தது. முதல் சில எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதியைக் கணனியே நிரப்பும். தட்டத் தொடங்கும் முன் உள்ளீட்டு மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

உண்மையில் தேவையா?

கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக்குவதும் கேப்ஸ் லாக்கையும் எஸ்கேப்பையும் இடம் மாற்றுவதும் மட்டுமே உங்கள் தேவை என்றால் எதையும் நிறுவ வேண்டாம். க்னோம் திரைச்சூழல் பாவிப்பவர்கள் ‘ட்வீக்ஸ்’ செயலியில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய், கூடுதல் தளவமைப்புத் தெரிவுகளைத் திறந்தால் அங்கேயே இருக்கிறது. கேடிஈயில் அமைப்புகளின் விசைப்பலகைப் பகுதியில் இதே தெரிவுகள் உண்டு. பிடிக்காவிட்டால் குறியை எடுத்துவிட்டால் போதும்.

ஒரு விசையைத் தட்டினால் ஒன்று, பிடித்திருந்தால் இன்னொன்று என்று ஆக்க வேண்டுமா, செத்த விசைக்கு மாற்று வேண்டுமா, ஒரு குறிப்பிட்ட விசைப்பலகையை மட்டும் மாற்ற வேண்டுமா, அப்போதுதான் கீடி.

பழைய வழிகாட்டிகள் எக்ஸ்மோட்மேப் என்ற கருவியைச் சொல்லும். மும்மொழிப் பாவனைக்கு அது ஒத்துவராது. மொழியை மாற்றும் ஒவ்வொரு தடவையும், மொழி உள்ளீட்டைக் கவனிக்கும் ஐபஸ் என்ற மென்பொருள் தளவமைப்பைப் புதிதாக ஏற்றும். அப்போது எக்ஸ்மோட்மேப் செய்த மாற்றம் அழிந்துபோகும். திரையைக் கையாளும் புதிய முறையான வேலண்ட் அமர்வில் அது வேலையே செய்யாது. உபுண்டு 21.04 முதல் வேலண்டே இயல்புநிலை, 25.10 இல் க்னோமின் பழைய எக்ஸ் அமர்வு எடுக்கப்பட்டுவிட்டது.

கீடி எங்கே உட்காருகிறது

நீங்கள் ஒரு விசையை அழுத்தினால் இயங்குதளத்தின் கருவான கர்னல் அந்த விசையின் எண்ணை அனுப்புகிறது. அதற்கு மேலே எக்ஸ்கேபி என்ற தளவமைப்பு அந்த எண்ணை எழுத்தாக்குகிறது. அதற்கும் மேலே ஐபஸ் அந்த எழுத்துகளைச் சேர்த்துத் தமிழாக்குகிறது. கீடி இவை எல்லாவற்றுக்கும் கீழே, கர்னலை ஒட்டி இருக்கிறது. உண்மையான விசைப்பலகையை வேறெவரும் படிக்க முடியாதபடி பிடித்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஒரு மெய்நிகர் விசைப்பலகையை மேலே காட்டுகிறது.

இதிலிருந்து இரண்டு விடயம் தெளிவாகிறது. தமிழ் 99 ஆனாலும், எஸ்எல்எஸ் 1326 தரத்தில் உள்ள ரெங்கநாதன் தளவமைப்பானாலும், சிங்கள விஜேசேகரவானாலும் கீடியால் குழம்பாது. அவை மேல்தளத்து வேலை. இரண்டாவது, கீடியின் கோப்பில் ‘ஏ’ என்று எழுதினால் அது ஆங்கிலப் பலகையில் ஏ இருக்கும் இடத்தைத்தான் குறிக்கும். ரெங்கநாதனில் அந்த இடத்தில் என்ன எழுத்து வருகிறது என்பது கீடிக்குத் தெரியாது. தமிழ் எழுத்துகளை நேரடியாகக் கீடியில் பொருத்த முயலாதீர்கள். அந்த வேலையை ஐபஸிடமே விடுங்கள்.

நிறுவும் முன்: தப்பும் வழி

கீடியில் ஓர் அவசர விசைக்கூட்டு உண்டு. பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் கீடி உடனே நின்றுவிடும், விசைப்பலகை பழையபடி வேலை செய்யும். கோப்பில் இந்த விசைகளை வேறாக மாற்றியிருந்தாலும் கவலையில்லை, பலகையில் உள்ள உண்மையான விசைகளையே கீடி பார்க்கிறது. ஆனால் அந்த மூன்றில் ஒன்று பழுதாகியிருந்தால் இந்த வழி உங்களுக்கு இல்லை. பழுதான விசைப்பலகைக்காகத்தான் பலரும் கீடிக்கு வருகிறார்கள் என்பதால் இதை முதலில் சோதியுங்கள். அவசர நிறுத்தம் அந்த வேளைக்கு மட்டுமே. கணனியை மறுபடி தொடக்கினால் கீடி அதே பிழையான கோப்போடு எழும்பும். நிறுத்திய கையோடு கோப்பைத் திருத்திவிட வேண்டும்.

அடுத்தது ஒரு யூஎஸ்பி விசைப்பலகை. எவ்வளவு மலிவானது என்றாலும் பரவாயில்லை, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கீடி அதைத் தொடாதபடி செய்யும் வழியைக் கீழே சொல்கிறோம். சுட்டியைக் கீடி பிடிப்பதில்லை. அதனால் க்னோமின் உள்நுழைவுத் திரையில் அணுகல்தன்மைப் பட்டியலைத் திறந்து, திரை விசைப்பலகையைச் சுட்டியாலேயே இயக்கவும் முடியும்.

எதுவும் கைகொடுக்காத நிலைமைக்கும் ஒரு வழி உண்டு. கணனி தொடங்கும்போது, இயங்குதளத்தை ஏற்றும் கிரப் பட்டியலில் கீடி இன்னும் எழும்பியிருக்காது. விசைகள் எல்லாம் தம் இயல்பில் இருக்கும். உபுண்டுவில் பட்டியல் தானாக வராவிட்டால், உற்பத்தியாளரின் சின்னம் மறையும் நேரத்தில் எஸ்கேப்பை ஒரு தடவை மட்டும் தட்டுங்கள். பட்டியலில் ‘ஈ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு இதைச் சேருங்கள்:

சிஸ்டம்டி.மாஸ்க்=கீடி.சர்விஸ்

பிறகு எஃப்10. அந்த ஒரு தடவைக்கு மட்டும் கீடி இல்லாமல் கணனி எழும்பும். இந்த வரியையும் அதே தாளில் எழுதி வையுங்கள், கணனிக்குள் சேமித்துப் பயனில்லை.

நிறுவுதல்

டெபியன் 13, உபுண்டு 25.04 ஆகியவற்றிலிருந்து கீடி அவற்றின் சொந்தக் களஞ்சியத்திலேயே இருக்கிறது. உங்களிடம் இருப்பது அதுவோ அதற்குப் பிந்தியதோ என்றால் இரண்டு கட்டளை போதும்:

சுடோ ஆப்ட் அப்டேட்
சுடோ ஆப்ட் இன்ஸ்டால் கீடி

நிறுவும்போது நேரவலயமாகக் கொழும்பைத் தெரிவு செய்த உபுண்டுக் கணனிகள் பெரும்பாலும் ‘எல்கே’ என்று தொடங்கும் இலங்கைக் கண்ணாடித்தளத்திலிருந்தே (பிரதிச் சேவையகம்) பொதிகளை எடுக்கும். அப்டேட் கட்டளை ‘ஹாஷ்’ பொருந்தவில்லை என்று சொன்னால், கண்ணாடித்தளம் அந்த வேளையில் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சிறிது நேரம் பொறுத்துப் பாருங்கள், அல்லது ‘சாஃப்ட்வேர் & அப்டேட்ஸ்’ செயலியில் பிரதான சேவையகத்துக்கு மாறுங்கள்.

டெபியன் பொதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே கட்டளையின் பெயர் வெறும் கீடி அல்ல, கீடிக்குப் பின்னால் ஒரு புள்ளியும் இன்னொரு சொல்லும் ஒட்டியிருக்கும். ‘கட்டளை காணவில்லை’ என்று வந்தால் நிறுவல் பிழைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். கீடி என்று தட்டி டேப்பை இருமுறை அழுத்தினால் முழுப்பெயர் தெரியும். பின்னணியில் ஓடும் சேவையின் பெயர் எல்லா இடத்திலும் கீடிதான்.

உபுண்டு 24.04 பாவிப்பவர்களின் களஞ்சியத்தில் கீடி இல்லை. அவர்களுக்கு இரண்டு வழி: கீடி அணியின் தனிக் களஞ்சியமான பிபிஏவைச் சேர்ப்பது, அல்லது மூலநிரலிலிருந்து கட்டுவது. பிபிஏ வழி இது:

சுடோ ஆட்-ஆப்ட்-ரெப்போசிட்டரி பிபிஏ:கீடி-டீம்/பிபிஏ
சுடோ ஆப்ட் இன்ஸ்டால் கீடி

முடியுமானால் இதையே எடுங்கள். பொதி முகாமையாளருக்குத் தெரிந்த எதையும் பிறகு அகற்றுவது சுலபம். மூலநிரலிலிருந்து கட்டினால் எந்தக் கோப்பு எங்கே போனது என்பது ஆப்ட்டுக்குத் தெரியாது. டேட்டாக் கணக்கிலும் பிபிஏதான் இலாபம்: கீடி மிகச் சிறியது, ஆனால் அதைக் கட்டத் தேவையான கம்பைலர் பொதிகள் அதைவிடப் பல மடங்கு பெரியவை.

அப்படியும் மூலநிரல்தான் வேண்டும் என்றால், பில்ட்-எசென்ஷியல், கிட் இரண்டையும் ஆப்ட் மூலம் நிறுவி, கிட்ஹப்பிலுள்ள கீடியின் களஞ்சியத்தைக் ‘கிட் குளோன்’ செய்யுங்கள். அந்தக் கோப்புறைக்குள் போய்:

மேக்
சுடோ மேக் இன்ஸ்டால்

குளோன் செய்த கோப்புறையை அழிக்காமல் வைத்திருங்கள். அகற்றும் கட்டளை அதற்குள்தான் இருக்கிறது.

ஆர்ச்சில் பேக்மேன் மூலமே வரும். ஃபெடோராவில் காப்பர் களஞ்சியம் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

எந்த வழியில் வந்தாலும் சேவையை இப்போதே தொடக்கிவிடாதீர்கள். முதலில் உங்கள் விசைப்பலகையின் அடையாளத்தைப் பிடிக்க வேண்டும். பொதி வழியாக நிறுவும்போது சேவை தானாக ஓடத் தொடங்கியிருக்கலாம். ஆகவே:

சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் கீடி
சுடோ கீடி மானிட்டர்

ஒவ்வொரு விசையையும் அழுத்தும்போது சாதனத்தின் பெயர், அடையாள எண், விசையின் பெயர் மூன்றும் ஒரு வரியில் விழும். சேவையை நிறுத்தாமல் இதைச் செய்தால் எல்லா விசைக்கும் ‘கீடி விர்ச்சுவல் கீபோர்ட்’ என்றே வரும். நீங்கள் பார்ப்பது மூலம் அல்ல, கீடியின் வெளியீடு. பெரும்பாலான மடிக்கணனிகளின் உள் விசைப்பலகை 0001:0001 என்ற எண்ணோடு தெரியும். சில புதிய மாடல்களில் வேறாக இருக்கும், திரையில் வருவதை எடுங்கள். எஃப்என் விசையை அழுத்தினால் அநேகமாக ஒன்றும் விழாது. அதைக் கணனியின் உள் கட்டுப்படுத்தியே கையாள்கிறது, இயங்குதளம்வரை வருவதில்லை. எனவே அதை எந்த மென்பொருளாலும் மாற்ற முடியாது. வெளியே வரக் கண்ட்ரோல்-சி.

கோப்பை எழுதுதல்

சுடோ நானோ /ஈடிசி/கீடி/டிஃபால்ட்.கான்ஃப்

கடைசிச் சொல் சி, ஓ, என், எஃப். இந்த முடிவு இல்லாத கோப்பைக் கீடி கண்டுகொள்ளாது. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்:

[ஐடிஸ்]
0001:0001

[மெயின்]
கேப்ஸ்லாக் = ஓவர்லோட்(மெட்டா, எம்-ஸ்பேஸ்)

ஐடிஸ் என்பது ஐ, டி, எஸ். எம் மட்டும் பெரிய எழுத்து, மற்றதெல்லாம் சிறியது.

இணையத்தில் காணும் மாதிரிகள் பெரும்பாலும் ஐடிஸ் பகுதியில் வெறும் நட்சத்திரக் குறியைப் போடும். அது இணைக்கும் எல்லா விசைப்பலகையையும் பிடித்துக்கொள்ளும். உள் விசைப்பலகையின் எண்ணை மட்டும் கொடுத்தால் நீங்கள் செருகும் யூஎஸ்பி விசைப்பலகை எதுவானாலும் கீடிக்கு அப்பால் இருக்கும். அதுதான் உங்கள் திறவுகோல். நட்சத்திரம் அவசியம் என்றால், அதன் கீழே காப்பாற்ற வேண்டிய விசைப்பலகையின் எண்ணை முன்னால் ஒரு கழித்தல் குறியோடு எழுதினால் அதை விட்டுவிடும். ஐடிஸ் பகுதியே இல்லாத கோப்பு எந்த விசைப்பலகைக்கும் பொருந்தாது. ‘ஒன்றும் மாறவில்லையே’ என்ற முறைப்பாட்டுக்குப் பல வேளைகளில் இதுவே காரணம்.

கேப்ஸ் லாக் வரியைக் கொஞ்சம் விளக்க வேண்டும். க்னோமில் மொழி மாற்றுவது சூப்பர்-ஸ்பேஸ் (சூப்பர் என்பது விண்டோஸ் சின்னமுள்ள விசை, கீடி அதை மெட்டா அல்லது எம் என்கிறது). கேப்ஸ் லாக்கை நேரடியாக எம்-ஸ்பேஸ் என்று ஆக்கினால் இரண்டு மொழிக்காரருக்குப் பிரச்சினை இல்லை. மூன்று மொழி வைத்திருந்தால் சிக்கிக்கொள்வீர்கள். கடைசியாகப் பாவித்த ஒழுங்கில்தான் க்னோம் மொழிகளை வரிசைப்படுத்துகிறது. சூப்பரைப் பிடித்தபடி ஸ்பேஸை இரண்டாம் தடவை தட்டினால்தான் மூன்றாவது மொழி வரும். கீடி அனுப்பும் எம்-ஸ்பேஸ் சூப்பரை உடனே விட்டுவிடுவதால், எத்தனை தடவை தட்டினாலும் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும், சிங்களம் வராது. மேலே உள்ள ஓவர்லோட் வரி இதைத் தீர்க்கிறது. கேப்ஸ் லாக்கைத் தட்டினால் கடைசி இரண்டு மொழிக்குள் மாறும். பிடித்திருந்தால் அதுவே சூப்பர். பிடித்தபடி ஸ்பேஸை இரண்டு தடவை தட்டினால் மூன்றாவது மொழி.

ஜப்பானிய விசைப்பலகை என்றால் ஸ்பேஸின் இடப்பக்க விசையின் பெயர் முஹென்கான், வலப்பக்கம் ஹென்கான், அதற்கடுத்தது கடகனாஹிரகனா. மானிட்டரில் இந்தப் பெயர்களைச் சரியான எழுத்துக்கூட்டலோடு பார்த்து எடுங்கள். கட்டைவிரல் படும் இடத்தில் இருப்பதால் இவை மிகப் பெறுமதியான விசைகள். முஹென்கானுக்கு மேலே சொன்ன ஓவர்லோட்டையும், ஹென்கானுக்குப் பேக்ஸ்பேஸையும் கொடுத்தால், சுண்டுவிரலை நீட்டாமலே திருத்தித் திருத்தித் தட்டலாம்.

செத்த விசைக்கு, அதிகம் பாவிக்காத ஒரு விசையை அதன் இடத்தில் வையுங்கள். வலப்பக்க மெனு விசை இதற்குத் தோதானது. அதைக் கீடி ‘கம்போஸ்’ என்று அழைக்கும். ‘கம்போஸ் = ஏ’ என்று எழுதினால் ஷிஃப்டோடு அழுத்தும்போது பெரிய ஏ தானாக வரும், தமிழில் இருக்கும்போது ஏ இடத்துத் தமிழ் எழுத்து வரும். தானாக அழுந்திக்கொண்டிருக்கும் விசைக்கு ‘எஃப்5 = நூப்’ போல எழுதி வாயை அடைக்கலாம். நூப் என்பது என், ஓ, ஓ, பி. இந்த வைத்தியம் தற்காலிகமானது. ஈரத்தால் அரித்த பலகையில் அடுத்த விசையும் சீக்கிரம் போகும். மாற்று விசைப்பலகை வரும்வரை ஓட்ட மட்டுமே இது.

எழுத்து விசைகளில் ஓவர்லோட் வைக்காதீர்கள். வேகமாகத் தமிழ் தட்டுபவர்கள் ஒரு விசையை விடுமுன்பே அடுத்ததை அழுத்திவிடுவார்கள். அப்போது கீடி அதைப் ‘பிடித்திருக்கிறார்’ என்று எடுத்து, எழுத்துக்குப் பதில் ஏதோ குறுக்குவழியை இயக்கும். உயிர்மெய் அரைகுறையாக நிற்கும். கேப்ஸ் லாக், ஜப்பானிய விசைகள் போன்ற எழுத்தல்லாத விசைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தொடக்கிச் சோதித்தல்

யூஎஸ்பி விசைப்பலகையைச் செருகிவிட்டு:

சுடோ சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் கீடி

என்டரைத் தட்டிய உடனே விரலை எடுங்கள். அழுத்தியபடி இருந்தால், விசைப்பலகை கைமாறும் நேரத்தில் ‘விடப்பட்டது’ என்ற செய்தி தவறிப்போய், என்டர் தொடர்ந்து விழுந்துகொண்டிருக்கக்கூடும். அப்படி நடந்தால் என்டரை மறுபடி ஒருமுறை தட்டினால் நிற்கும்.

ஸ்டார்ட் என்றுதான் எழுதியிருக்கிறோம், எனேபிள் அல்ல. இது இந்த அமர்வுக்கு மட்டும். ஏதாவது பிழைத்தால் கணனியை நிறுத்தித் தொடக்கினால் முடிந்தது. பொதியே சேவையை எனேபிள் செய்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. அதனால் சோதிக்கும் முன் ‘சுடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் கீடி’ என்று கொடுத்துவிடுங்கள். மூன்று மொழியிலும் ஒரு பந்தி தட்டிப் பாருங்கள். திரையைப் பூட்டித் திறந்து, கடவுச்சொல் விழுகிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் நிரந்தரமாக்கலாம்:

சுடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் கீடி

பிறகு கோப்பில் எதை மாற்றினாலும் ‘சுடோ கீடி ரீலோட்’ போதும். கோப்பில் பிழை இருந்தால் கீடி திரையில் சத்தமிடாது. பதிவேட்டில்தான் எழுதும்:

சுடோ ஜர்னல்சிடிஎல் -ஈயூ கீடி

பிழையான வரியின் எண் அங்கே இருக்கும்.

வட்டை மறைகுறியாக்கியவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வட்டைத் திறக்கும் கடவுச்சொல்லைக் கேட்கும்போது கீடி இன்னும் ஓடத் தொடங்கவில்லை. அந்தக் கடவுச்சொல்லில் செத்த விசையின் எழுத்து இருந்தால் கீடியால் உதவ முடியாது. யூஎஸ்பி விசைப்பலகை வேண்டும், அல்லது கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். பயாஸும் கிரப்பும் அப்படியே. உள்நுழைவுத் திரை வரும்போது கீடி ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே அங்கே மாற்றங்கள் செல்லும்.

இன்னொரு பக்கவிளைவு, தட்டும்போது உள்ளங்கை பட்டுச் சுட்டி ஓடுவது. தட்டச்சு நடக்கும்போது தொடுபலகையை அணைக்கும் வசதி, மடிக்கணனியின் சொந்த விசைப்பலகைக்கே வேலை செய்கிறது. தொடுபலகையைக் கையாளும் லிப்இன்புட், கீடியின் மெய்நிகர் விசைப்பலகையை வெளியே இருந்து வந்தது என்று கருதுகிறது. /ஈடிசி/லிப்இன்புட்/ கோப்புறையில் (இல்லாவிட்டால் உருவாக்கி) லோக்கல்-ஓவர்ரைட்ஸ்.குவிர்க்ஸ் என்ற கோப்பில் இந்த நான்கு வரியை எழுதுங்கள்:

[சீரியல் கீபோர்ட்ஸ்]
மேட்ச்யுடெவ்டைப்=கீபோர்ட்
மேட்ச்நேம்=கீடி விர்ச்சுவல் கீபோர்ட்
அட்ர்கீபோர்ட்இன்டெக்ரேஷன்=இன்டர்னல்

தலைப்பிலும் சமக்குறிக்கு இடப்பக்கத்திலும் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும். இடப்பக்கத்தில் இடைவெளி இல்லை. வலப்பக்கம் முழுவதும் சிறிய எழுத்து. அட்ர் என்பது ஏ, டி, டி, ஆர். வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் சரியாகும். இந்தக் கோப்பை நீங்கள் கையால் எழுதினீர்கள் என்பதை அதே தாளில் குறியுங்கள். எந்த அகற்றும் கட்டளையும் இதைத் தொடப்போவதில்லை.

இன்புட் ரீமேப்பர் போன்ற இன்னொரு மென்பொருள் ஏற்கெனவே ஓடினால் இரண்டும் ஒரே விசைப்பலகைக்குப் போட்டியிடும். முந்தியது பிடித்துக்கொள்ளும், பிந்தியதற்குச் ‘சாதனம் பாவனையில் உள்ளது’ என்ற பிழைதான் கிடைக்கும். இரண்டில் ஒன்றை அகற்றிவிட்டே மற்றதை நிறுவுங்கள்.

அகற்றுதல்

கணனியை விற்கப் போகிறீர்கள், அலுவலகத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறீர்கள், அல்லது புது விசைப்பலகை பொருத்தியாயிற்று. எந்த வழியில் நிறுவியிருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்:

சுடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ் கீடி

இதோடு விசைப்பலகை அந்தக் கணமே இயல்புக்குத் திரும்பும், மறுதொடக்கம் தேவையில்லை. சிறிது காலத்துக்கு மட்டும் வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம். கோப்பு அப்படியே இருக்கும்.

ஆப்ட் வழியாக வந்ததென்றால்:

சுடோ ஆப்ட் பர்ஜ் கீடி

ரிமூவ் என்றால் மென்பொருள் மட்டும் போகும். பர்ஜ் என்றால் பொதியோடு வந்த அமைப்புக் கோப்புகளும் போகும். ஆனால் டிஃபால்ட்.கான்ஃப் நீங்கள் எழுதியது, பொதிக்குச் சொந்தமல்ல. அதனால் பர்ஜுக்குப் பிறகும் ‘கோப்புறை காலியாக இல்லை, அகற்றவில்லை’ என்ற எச்சரிக்கை வரக்கூடும். அது பிழையல்ல. கோப்பைப் பின்னாளில் தேவைப்பட்டால் என்று வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு:

சுடோ ஆர்எம் -ஆர் /ஈடிசி/கீடி

இந்தக் கட்டளையில் பாதையை இருமுறை சரிபார்த்த பிறகே என்டர். ஈடிசிக்குப் பிறகு தவறி ஓர் இடைவெளி விழுந்தால் முழு ஈடிசியும் போய்விடும், அதோடு கணனியும்.

பிபிஏ சேர்த்தவர்கள் அதையும் எடுக்க வேண்டும். ‘சாஃப்ட்வேர் & அப்டேட்ஸ்’ செயலியில் ‘பிற மென்பொருள்’ பகுதியில் கீடி வரியைத் தெரிந்து அகற்றலாம், அல்லது சேர்த்த அதே கட்டளையில் ரெப்போசிட்டரிக்குப் பிறகு --ரிமூவ் என்று போடலாம்.

மூலநிரலிலிருந்து கட்டியவர்கள் அந்தக் கோப்புறைக்குள் போய்:

சுடோ மேக் அன்இன்ஸ்டால்
சுடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்

கோப்புறையை அழித்துவிட்டீர்களா? மறுபடி குளோன் செய்து, கட்டாமலே இந்தக் கட்டளையைக் கொடுக்கலாம். அது செய்வதெல்லாம் உரிய இடங்களிலுள்ள கோப்புகளை அழிப்பதுதான். ஈடிசியிலுள்ள உங்கள் அமைப்பை இதற்குப் பிறகும் மேலே சொன்னபடி கையால்தான் எடுக்க வேண்டும்.

அதிகம் குழப்புவது இரண்டும் கலந்த நிலை. உபுண்டு 24.04 இல் மூலநிரலிலிருந்து கட்டியவர், பிறகு புதிய பதிப்புக்கு மேம்படுத்தி, ஆப்ட் மூலமும் கீடியை நிறுவுகிறார். கட்டியது /யுஎஸ்ஆர்/லோக்கல் என்ற இடத்தில் இருக்கும், பொதி /யுஎஸ்ஆர் இல் இருக்கும். கட்டளையைத் தேடும்போதும் சேவையைத் தேடும்போதும் கணனி லோக்கலைத்தான் முதலில் பார்க்கும். ஆகவே பொதியைப் பர்ஜ் செய்த பின்பும் பழைய கீடி ஓடிக்கொண்டே இருக்கும். ‘அகற்றியும் போகவில்லை’ என்று தோன்றும். ‘டைப் -ஏ கீடி’ என்று கேட்டால் எத்தனை கீடி எங்கெங்கே என்று பட்டியல் வரும். லோக்கல் என்ற சொல் தெரிந்தால் மேக் அன்இன்ஸ்டால் பாக்கி இருக்கிறது.

இன்புட் ரீமேப்பர் பாவித்தவர்களுக்கும் இதே கதைதான். ஆப்ட் அதை அகற்றினாலும் வீட்டுக் கோப்புறைக்குள் .கான்ஃபிக் என்ற மறைந்த கோப்புறையில் இன்புட்-ரீமேப்பர்-2 தங்கிவிடும். பயனரின் வீட்டுக் கோப்புறையை ஆப்ட் தொடுவதில்லை. மறுபடி நிறுவினால் பழைய அமைப்புகள் அப்படியே உயிர்பெறும்.

மிச்சம் பார்க்க மூன்று இடம். ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் கீடி’ என்றால் அப்படியொரு சேவை இல்லை என்று வர வேண்டும். ‘கெட்என்ட் குரூப் கீடி’ என்றால் வெறுமையாக இருக்க வேண்டும். நிறுவும்போது உண்டான கீடி பயனர் குழு இன்னும் இருந்தால் ‘சுடோ குரூப்டெல் கீடி’. கடைசியாக அந்த லோக்கல்-ஓவர்ரைட்ஸ் கோப்பு. அதில் கீடிக்கான நான்கு வரி மட்டுமே இருந்தால் கோப்பையே அழிக்கலாம். தொடுபலகைக்கென்று வேறு வரிகளும் இருந்தால், சீரியல் கீபோர்ட்ஸ் பகுதியை மட்டும் நீக்கிச் சேமித்து, வெளியேறி உள்நுழையுங்கள்.